மழைக்கு முன் மூடப்படும் குழி

அகழாய்வு என்ற சொல்லைக் கேட்டதும் பலர் மனத்தில் தோன்றுவது மண்வெட்டியும் கூடையும்தான். மண்ணைத் தோண்டுகிறார்கள், பழம்பொருள் கிடைக்கிறது, செய்தித்தாளில் படம் வருகிறது. ஆனால் அகழாய்வுப் பருவத்தின் கடைசி மூன்று நான்கு வாரங்களில் ஓர் ஆய்வுக் களத்தைச் சென்று பார்ப்பவர்கள் சற்று ஏமாற்றம் அடையக்கூடும். மண்வெட்டிகள் பெரும்பாலும் கொட்டகையின் ஓரத்தில் சாத்தி வைக்கப்பட்டிருக்கும். ஒருவர் குழியின் சுவரில் ஆணி அடித்து நூல் கட்டிக்கொண்டிருப்பார். இன்னொருவர் அளவு நாடாவைப் பிடித்து எண்களைச் சொல்ல, மூன்றாமவர் கட்டமிட்ட தாளில் புள்ளி வைத்துக்கொண்டிருப்பார். மர நிழலில் சில பெண்கள் பானை ஓடுகளைக் கழுவிக் காயவைத்துக்கொண்டிருப்பார்கள். "தோண்டுவது எப்போது?" என்று கேட்டால், "தோண்டியது போதும்" என்ற பதில்தான் வரும்.

உண்மையில் ஒரு பருவத்தின் பலன் பெரும்பாலும் இந்த வாரங்களில்தான் முடிவாகிறது. இதைப் புரிந்துகொள்ள ஆரணி போன்ற ஒரு நெசவு ஊரின் உவமையே நன்கு பொருந்தும். ஒரு பட்டுச் சேலை எப்படி நெய்யப்பட்டது என்று அறிய, அதை ஊடை ஊடையாகப் பிரித்துப் பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். பிரித்து முடித்தபோது கையில் நூல் இருக்கும், சேலை இராது. பிரிக்கும்போதே எத்தனையாவது ஊடையில் சரிகை வந்தது, எந்த இடத்தில் நிறம் மாறியது என்று எழுதி வைத்திருந்தால்தான் அந்தச் சேலையைத் தாளிலாவது மீண்டும் காணலாம். அகழாய்வும் அத்தகையதே. மண்ணடுக்கை அகற்றாமல் அதற்கு அடியில் இருப்பதைக் காண முடியாது. அகற்றிய அடுக்கை மீண்டும் அதன் இடத்தில் வைக்கவும் முடியாது.

ஆற்றோடு ஒரு பயணம்

ஆரணி நகரம் கமண்டல நாக நதியின் கரையில் உள்ளது. இந்த ஆறு சவ்வாது மலைப் பக்கத்திலிருந்து வருகிறது. ஆரணிக்கு நேர் மேற்கே, மலையடிவாரத்தில், படவேடு உள்ளது. 14ஆம் நூற்றாண்டில் சம்புவராயர்களின் தலைநகராக விளங்கி, பின்னர் விசயநகர இளவரசர் குமார கம்பணரின் படையெடுப்புக்குப்பின் விசயநகர ஆட்சிக்கு உட்பட்ட ஊர் இது. 1992-93இல் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை இங்கே அகழாய்வு நடத்தியது. ஆரணி மக்களுக்கு மிக அருகில் நடந்த அகழாய்வுகளில் இதுவும் ஒன்று.

ஆற்றின் போக்கிலேயே கீழே செல்வோம். கமண்டல நாக நதி செய்யாற்றில் கலக்கிறது. செய்யாறு திருமுக்கூடலில் பாலாற்றோடு சேர்கிறது. பாலாறு கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே வசவசமுத்திரம் என்ற சிற்றூர் இருக்கிறது. 1970ஐ ஒட்டி அரசு தொல்லியல் துறை இங்கே அகழ்ந்தபோது உறைகிணறுகளும், ரோமானிய மதுச்சாடிகளின் துண்டுகளும், செங்கல்லால் கட்டிய இரு தொட்டிகளும் வெளிப்பட்டன. இரா. நாகசாமியும் அ. அப்துல் மஜீதும் எழுதிய அறிக்கை 1978இல் நூலாக வந்தது. ஆரணியில் பெய்த மழைநீர் போய்ச் சேரும் கடற்கரையில், ஏறக்குறைய 2000 ஆண்டுகளுக்கு முன் கடல் வாணிகத்தில் ஈடுபட்டிருந்த ஓர் ஊரில், செங்கல் தொட்டிகள்! அவை எதற்காகக் கட்டப்பட்டவை?

இத்தகைய தொட்டிகள் தமிழகத்தில் வேறு இடங்களிலும் கிடைத்துள்ளன. புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் கண்டவை புகழ்பெற்றவை. திருச்சிராப்பள்ளியை அடுத்த உறையூரில் 1960களில் சென்னைப் பல்கலைக்கழகத்தார் நடத்திய அகழாய்விலும் ஒரு தொட்டி வெளிப்பட்டது. பொதுவாக இவற்றைச் சாயத் தொட்டிகள் என்று பாட நூல்களில் எழுதிவிடுகிறோம். பண்டைய கிரேக்கப் பயண நூலான பெரிப்ளுஸ், உறையூரின் பெயரால் வழங்கிய மெல்லிய துணியைக் குறிப்பிடுவதும் இக்கருத்துக்குத் துணை நிற்கிறது. ஆனால் வீலர் இம்முடிவுக்கு வந்தது தொட்டியின் அடியில் சாயத்தைக் கண்டு அன்று. தொட்டியின் அமைப்பு, நீர் வரவும் போகவும் அமைந்த செங்கல் கால்வாய்கள், அந்தப் பகுதி தொன்றுதொட்டு மசுலின் துணிக்குப் பெயர்பெற்றது என்ற செய்தி ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்து, 'இருக்கலாம்' என்றுதான் அவர் எழுதினார். அந்த 'இருக்கலாம்' பிற்கால நூல்களில் பலமுறை படியெடுக்கப்பட்டபோது உதிர்ந்துபோனது.

சாயக்காரர் கேட்கும் கேள்வி

இந்தத் தொட்டிகளை ஆரணியின் சாயக்காரர் ஒருவரிடம் காட்டினால் என்ன கேட்பார்? முதலில், "எந்த நூலுக்கு? எந்தச் சாயம்?" என்றே கேட்பார். கேள்வி மிகவும் பொருள் உடையது.

பட்டுக்குச் சாயம் ஏற்றுவது வெந்நீர் வேலை. கோராப் பட்டில் இழையைச் சுற்றி செரிசின் என்னும் இயற்கைப் பசை இருக்கும். எடையில் ஏறக்குறைய கால் பங்கு இந்தப் பசைதான். சோப்பும் சோடாவும் கலந்த நீரில் வேகவைத்து இதை நீக்கினால்தான் பட்டுக்கு மினுமினுப்பு வரும், சாயமும் பிடிக்கும். பின் சாயநீரும் சூடாகவே இருக்க வேண்டும். சிட்டங்களைக் கழியில் கோத்துத் தொங்கவிட்டுத் திருப்பித் திருப்பி நனைப்பார்கள். ஆகவே பட்டுச் சாயப்பட்டறைக்கு அடுப்பும் உலோகப் பாத்திரமும் தேவை. அடியில் நெருப்பு இட முடியாத பெரிய செங்கல் தொட்டி இதற்கு உதவாது.

பருத்தி நூலுக்கு அவுரி நீலம் ஏற்றும் முறை வேறு. நீலம் நீரில் கரையாதது. அதைப் புளிக்கவைத்துக் கரையும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். நூலை அதில் முக்கி வெளியே எடுத்தால் காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டு மீண்டும் நீலமாக மாறி இழையிலேயே தங்கிவிடும். இதற்குக் கொதிநீர் தேவையில்லை. வெதுவெதுப்பும் பொறுமையும் போதும். அவுரிச் செடியிலிருந்து நீலத்தை எடுப்பது இதற்கும் முந்திய தொழில். அதற்கு இரண்டு தொட்டிகள் வேண்டும். மேல் தொட்டியில் செடியை ஊறவைப்பார்கள். ஊறிய நீரைக் கீழ்த் தொட்டிக்கு இறக்கி, காற்றுப் படும்படி அடித்துக் கலக்குவார்கள். நீலம் அடியில் வண்டலாகப் படியும்.

இப்போது அகழாய்வுக் குழிக்குத் திரும்புவோம். அருகருகே இரு தொட்டிகள் கிடைக்கின்றன என்றால், இரண்டின் தளமும் ஒரே மட்டத்தில் உள்ளனவா, ஒன்று உயரமாகவும் மற்றது தாழ்வாகவும் உள்ளனவா? ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நீர் இறங்க வழி உண்டா? வடிகால் வாய் தளத்தோடு ஒட்டியுள்ளதா, சற்று மேலே உள்ளதா? தளத்தோடு ஒட்டியிருந்தால் கழுவும் தொட்டியாக இருக்கலாம். சற்று மேலே இருந்தால் வண்டலைத் தங்கவைத்துத் தெளிந்த நீரை மட்டும் வெளியேற்றும் நோக்கம் இருந்திருக்கலாம். உட்பூச்சு சுண்ணாம்பா? அதில் கறை உண்டா? அருகே அடுப்போ, சாம்பல் அடுக்கோ தென்படுகிறதா?

மேலே சொன்ன கேள்விகளில் ஒன்றுக்குக்கூட அருங்காட்சியகத்தில் வைத்த பொருளால் விடை கூற முடியாது. நான்கு விரற்கடை உயர வேறுபாடுதான் விடையாக இருக்கக்கூடும். அது பருவத்தின் இறுதியில், மட்டக்கருவியை நிறுத்தி அளந்து எழுதும் ஒருவரின் குறிப்பேட்டில் மட்டுமே வாழும்.

கடைசி வாரங்கள்

நம் நாட்டில் அகழாய்வுக்கான உரிமம் பருவக் கணக்கில் வழங்கப்படுகிறது. ஒரு பருவம் அக்டோபரில் தொடங்கிச் செப்டம்பரில் முடிகிறது. ஆனால் தமிழகத்தில் அக்டோபர் வந்தால் வடகிழக்குப் பருவமழையும் வரும். எனவே பொங்கலுக்குப் பின் தொடங்கி, கோடையைக் கடந்து, செப்டம்பர் முடிவுக்குள் களத்தை முடித்துக்கொள்வதே பெரும்பாலும் நடைமுறை. நிலம் பெரும்பாலும் தனியாருடையது. தென்னந்தோப்பாகவோ புன்செய்யாகவோ இருக்கும். உழுது விதைக்க உரிமையாளர் காத்திருப்பார். ஒரு பக்கம் மேகம், மறுபக்கம் நிலத்துக்காரர், நடுவில் உரிமத்தின் கடைசித் தேதி.

பொதுவாகக் களத்தைச் சம சதுரக் கட்டங்களாகப் பிரித்து, குழிகளுக்கு இடையே அகழாத மண்சுவர்களை விட்டுவைப்பார்கள். வீலர் பரப்பிய முறை இது. அந்தச் சுவரின் முகம்தான் அந்த இடத்தின் காலவரிசை. மேலே உழவு மண். அதன்கீழ் இடிபாட்டு அடுக்கு. பின் சாம்பல் கலந்த மண். அதன்கீழ் மிதித்து இறுகிய தரை. கடைசியில் மனிதக் கை படாத கன்னிமண். இந்தச் சுவரைக் கரணையால் சீவிச் செங்குத்தாக்கி, அடுக்குகளின் எல்லையைக் கீறி, கிடைமட்டமாக நூல் கட்டி, அந்த நூலிலிருந்து மேலும் கீழும் அளந்து வரைவார்கள். நண்பகல் வெயிலில் எல்லா அடுக்கும் ஒன்றுபோல் வெளிறித் தெரியும். காலையில் சாய்வான ஒளியில், இலேசாக நீர் தெளித்துப் பார்த்தால் நிற வேறுபாடு துலங்கும். இதனால்தான் படம் வரைபவர் விடியற்காலையிலேயே குழிக்குள் இறங்கிவிடுகிறார்.

இந்த இடத்தில் உள்ளூர்த் தொழிலாளர்களைப் பற்றி ஒரு சொல் கூறியாக வேண்டும். பல மாதங்கள் கரணை பிடித்த கைக்கு, மண் மாறுவது கண்ணுக்குத் தெரியும் முன்பே தெரிந்துவிடும். "இங்கே மண் மெத்தென்று இருக்கிறது" என்று ஒருவர் சொன்னால் அது பழைய குழியின் விளிம்பாக இருக்கும். அறிக்கைகளில் இவர்கள் பெயர் நன்றியுரையில்கூட அரிதாகவே வருகிறது என்பது என்னுடைய நெடுநாளைய வருத்தம்.

கடைசி வாரங்களில் இன்னொரு வேலை மாதிரி எடுத்தல். காலக் கணிப்புக்கான கரித்துண்டு எந்த அடுக்கில், எந்த ஆழத்தில் கிடைத்தது என்ற குறிப்போடு, கை படாமல், அலுமினியத் தாளில் சுற்றி வைக்கப்படுகிறது. கீழடியில் 2018இல் தமிழக அரசு தொல்லியல் துறை நடத்திய நான்காம் கட்ட அகழாய்வில் 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த மாதிரி, அமெரிக்காவிலுள்ள ஆய்வுக்கூடத்தில் கணிக்கப்பட்டு, கி.மு. 580 என்ற காலத்தைத் தந்தது. அந்த ஆண்டைப் பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். 353 என்ற எண்ணை அவ்வளவாக யாரும் நினைப்பதில்லை. ஆனால் அந்த ஆழம் குறிக்கப்படாமல் இருந்திருந்தால், கி.மு. 580 என்பது வெறும் ஒரு கரித்துண்டின் வயதாகப் போயிருக்கும். கீழடியின் வயதைப் பற்றி எதுவும் சொல்லியிருக்காது.

எல்லாம் முடிந்தபின் குழியை மூடுவார்கள். பார்ப்பவர்களுக்கு இது மனம் கசக்கும் காட்சி. கண்டுபிடித்ததை மீண்டும் புதைப்பானேன்? 2000 ஆண்டுகள் மண்ணுக்குள் ஒரே ஈரத்தில் இருந்த செங்கல், ஒரு மழையும் ஒரு வெயிலும் பட்டாலே உதிரத் தொடங்கும். மண்ணே அதற்குச் சிறந்த உறை. அடியில் பிளாஸ்டிக் விரிப்பை இட்டு மூடினால், பிற்காலத்தில் அகழ்பவர் முன்னோர் எங்கே நிறுத்தினார் என்று அறிந்துகொள்வார். 1922 நவம்பரில் எகிப்தில் ஹோவர்ட் கார்ட்டர், துட்டன்காமன் கல்லறைக்கு இறங்கும் படிகளையும் முத்திரையிட்ட வாயிலையும் கண்டவுடன் செய்த முதல் வேலை, படிகளை மீண்டும் மண்ணால் மூடியதுதான். அவருக்குப் பொருளுதவி செய்த கார்னர்வான் பிரபு இங்கிலாந்திலிருந்து வந்து சேரும்வரை, இரண்டு வாரங்களுக்கு மேல் காத்திருந்தார். அவசரப்பட அவருக்கு எவ்வளவோ காரணம் இருந்தது!

துணி எங்கே போயிற்று?

ஆரணியில் ஒரு தறி வீடு இன்று மண்ணுக்குள் புதைந்து, ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் அகழப்படுவதாகக் கற்பனை செய்து பாருங்கள். என்ன எஞ்சும்? குழித்தறியில் நெசவாளர் கால்களை இறக்கி மிதிகட்டைகளை இயக்கும் பள்ளம் இருக்கும். தறிக் கம்பங்கள் நின்ற துளைகளில் மண் வேறு நிறமாகத் தெரியும். பாவை இழுத்துப் பிடிக்கத் தொங்கவிட்ட கற்கள், ஜக்கார்டு எந்திரத்தின் இரும்புத் துண்டுகள், சரிகையின் உலோகத் துணுக்குகள் கிடைக்கலாம். மரம் இராது. கயிறு இராது. அச்சு, விழுது, நாடா எதுவும் இராது. பட்டு இருக்கவே இருக்காது. ஆரணியின் பெயரை உலகறியச் செய்த பொருளின் ஓர் அங்குலம்கூட அந்த மண்ணில் கிடைப்பது அரிது.

காரணம் வேதியியல். பருத்தி செல்லுலோஸ், அமிலத்தன்மையுள்ள மண் அதை அரிக்கும். பட்டு புரதம், காரத்தன்மையுள்ள மண் அதைச் சிதைக்கும். இரண்டிலும் தப்பினால் நுண்ணுயிர்கள் இருக்கின்றன. நனைவதும் உலர்வதுமாக மாறி மாறி வரும் நம் தட்பவெப்பம் அவற்றுக்கு விருந்து. எகிப்தின் செங்கடற்கரையிலுள்ள பெரெனிகே துறைமுகத்தில் நிலைமை வேறு. அந்த வறண்ட மணலில் இந்தியப் பருத்தித் துணித் துண்டுகள் பல அகழப்பட்டுள்ளன. அவை இந்தியத் துணிகள் என்பதை அறிய ஒரு முக்கியத் தடயம் எது தெரியுமா? நூலின் முறுக்கு. எகிப்தியர் ஒரு திசையில் முறுக்கி நூற்றார்கள். இந்தியர் எதிர்த் திசையில் முறுக்கினார்கள். நூல் நூற்றவரின் விரல் பழக்கம், அவர் ஊரைக் காட்டிக்கொடுத்துவிட்டது. ஆக, நம் நாட்டில் நெய்த துணியைக் காண நாம் செங்கடலுக்குப் போக வேண்டியிருக்கிறது.

நம் மண்ணில் நெசவின் தடயம் பெரும்பாலும் தக்களி வட்டுகளே. கீழடியிலும் பிற இடங்களிலும் சுடுமண் வட்டுகள் கிடைக்கின்றன. இன்னொரு வழியும் உண்டு. செம்பு, வெள்ளி, இரும்பு முதலியவை துருப்பிடிக்கும்போது அவற்றை ஒட்டியிருந்த துணிக்குள் உலோக உப்புகள் புகுந்து, நுண்ணுயிர்களைத் தடுத்து, இழையைக் கல்போல் ஆக்கிவிடும். மொகஞ்சதாரோவில் வெள்ளிக் கலம் ஒன்றை ஒட்டியே பருத்தித் துணி தப்பியது.

பட்டு பற்றிய செய்தி இன்னும் வியப்பானது. சிந்துவெளி ஊரான சன்ஹுதாரோவை எர்னஸ்ட் மக்கே 1935-36இல் அகழ்ந்தார். அங்கு கிடைத்த பொருள்களில் ஒரு பகுதி அமெரிக்காவின் பாஸ்டன் அருங்காட்சியகத்துக்குச் சென்றது. அவற்றுள் கடுகைப்போன்ற நுண்மணிகளும் இருந்தன. எழுபது ஆண்டுகளுக்குப் பின், அந்த மணிகளின் துளைக்குள் எஞ்சியிருந்த இழையை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது அது பட்டு என்று தெரிந்தது. ஹரப்பாவில் கிடைத்த செம்புக் கலப்பு அணிகளிலும் பட்டிழைகள் காணப்பட்டன. ஐரீன் குட், கெனோயர், மெடோ ஆகியோர் 2009இல் வெளியிட்ட இந்த ஆய்வு, காட்டுப் பட்டுப்பூச்சியின் இழை சுமார் கி.மு. 2450 முதல் கி.மு. 2000 வரையிலான காலத்திலேயே இந்தத் துணைக்கண்டத்தில் பயன்பட்டதைக் காட்டியது.

இழை தப்பியதற்கு ஓர் எளிய காரணத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: அந்த மணித் துளைகளை யாரும் ஊசியால் குத்திச் சுத்தம் செய்யவில்லை. பருவ இறுதியின் அவசரத்தில் நேரக்கூடிய மிகப்பெரிய இழப்பு இதுதான். மேகம் கறுக்கிறது, மூட்டை கட்ட வேண்டும், துருப்பிடித்த இரும்புத் துண்டை ஒருவர் நல்லெண்ணத்தோடு தேய்த்துக் கழுவுகிறார். பொருள் அழகாகிவிடுகிறது. துருவோடு துணியின் பதிவும் வாளி நீரில் போய்விடுகிறது. பானை ஓடுகளுக்கும் இது பொருந்தும். லெபனான் கடற்கரையில் சரெப்தா என்னும் இடத்தில் கிடைத்த கி.மு. 13ஆம் நூற்றாண்டு ஓடுகளின் உட்புறத்தில் ஊதா நிறக் கறை ஒட்டியிருந்தது. அதை ஆராய்ந்து, கடல் நத்தையிலிருந்து எடுக்கும் அரச ஊதாச் சாயமே அது என்று 1980களில் நிறுவினார்கள். அந்தக் கறை தேய்த்துக் கழுவப்பட்டிருந்தால், அங்கே சாயத் தொழில் நடந்ததற்கான அந்தச் சான்று கிட்டியிராது. நம் ஊர்த் தொட்டிகளின் உட்பூச்சிலிருந்து ஒரு துணுக்கைக் கழுவாமல் எடுத்து வைப்பது, கால் மணி நேர வேலை.

அறிக்கை என்னும் கடைசி அடுக்கு

குழியை மூடிவிட்டால் பருவம் முடிந்தது என்று எண்ணிவிடக் கூடாது. படங்களும் குறிப்பேடுகளும் அறிக்கையாக அச்சில் வரும்வரை அகழாய்வு பாதிதான். இதற்கு நல்ல எடுத்துக்காட்டும் அரிக்கமேடுதான்.

1941 முதல் 1944 வரை பிரெஞ்சு ஆட்சிப் பகுதியில் இருந்த அரிக்கமேட்டில் உள்ளூர் ஆர்வலர்கள் அகழ்ந்தார்கள். பொருள்கள் கிடைத்தன, அடுக்குப் பதிவு போதிய அளவு இல்லை. 1944இல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைவராகப் பொறுப்பேற்ற வீலர், சென்னை அருங்காட்சியகத்தில் ரோமானிய மதுச்சாடியின் துண்டைக் கண்டு, அதன் மூலத்தைத் தேடி அரிக்கமேட்டுக்கு வந்தார். 1945இல் அகழ்ந்தார். அ. கோஷ், கிருஷ்ண தேவா ஆகியோருடன் சேர்ந்து எழுதிய அறிக்கை 1946 சூலையிலேயே வெளிவந்துவிட்டது! குழிச் சுவர்களின் வரைபடங்கள், பானை ஓடுகளின் வெட்டுத் தோற்றங்கள், எந்த ஓடு எந்த அடுக்கில் என்ற விவரம் எல்லாம் அதில் இருந்தன.

இந்த அறிக்கையில் வீலர் கூறிய முடிவுகள் சில இன்று நிலைக்கவில்லை. இத்தாலிய அரிட்டைன் மட்கலங்களின் காலத்தை அடிப்படையாகக் கொண்டு, ஊரின் தொடக்கத்தைக் கி.பி. முதல் நூற்றாண்டை ஒட்டியே அவர் வைத்தார். உட்புறத்தில் சிறு கோடுகள் வட்ட வட்டமாக ஓடும் ரூலெட்டட் மட்கலமும் மேலைநாட்டு இறக்குமதி என்று கருதப்பட்டது. 1983இல் விமலா பெக்லி இவற்றை மறுபரிசீலனை செய்தார். அரிக்கமேடு ரோமானியர் வருகைக்கு முன்பே, கி.மு. காலத்திலேயே வாழ்ந்த ஊர் என்றார். ரூலெட்டட் மட்கலம் இந்தியாவில் செய்யப்பட்டதே என்பதையும் பிற்கால ஆய்வுகள் உறுதிப்படுத்தின. 1989 முதல் 1992 வரை அவரே அங்கு மீண்டும் அகழ்ந்தார்.

இதில் கவனிக்க வேண்டியது, 1983இல் பெக்லி வீலரை மறுக்கப் பயன்படுத்தியது வீலர் வெளியிட்ட வரைபடங்களையே என்பதுதான். 'இந்த ஓடு இந்த அடுக்கில்' என்று வீலர் ஒளிக்காமல் அச்சிட்டிருந்ததால், அவர் காணத் தவறியதை இன்னொருவர் 37 ஆண்டுகளுக்குப் பின் அதே தாளில் காண முடிந்தது. முடிவு தவறினாலும் பதிவு தவறவில்லை. ஓர் ஆய்வாளருக்கு இதைவிடப் பெரிய பாராட்டு எனக்குத் தெரியவில்லை.

எல்லாக் களங்களுக்கும் இந்தப் பேறு வாய்ப்பதில்லை. உறையூரில் 1960களில் அகழ்ந்ததன் அறிக்கை 1988இல்தான் நூலாயிற்று. ஆதிச்சநல்லூரில் 2004-05இல் இந்தியத் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வின் முழு அறிக்கைக்கு 15 ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டியதாயிற்று. நீதிமன்றம் வரை செய்தி சென்றது. கீழடியில் 2014-15இல் தொடங்கி முதல் இரு கட்டங்களை நடத்திய அமர்நாத் ராமகிருஷ்ணா 2017இல் இடமாற்றம் செய்யப்பட்டார். அவர் தயாரித்த 982 பக்க அறிக்கை 2023 சனவரியில்தான் துறையிடம் அளிக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் மனிதர்களுக்கு வயதாகிறது, மாறுதல் வருகிறது, குறிப்பேட்டில் சுருக்கமாக எழுதிய ஒரு சொல்லின் பொருள் எழுதியவருக்கே மறந்துபோகிறது. மூடிய குழியைத் திறந்து பார்த்து நினைவுபடுத்திக்கொள்ளவும் இயலாது. அங்கே இருந்த அடுக்கு இப்போது அங்கே இல்லையே!

ஆரணி வட்டார மாணவர்கள் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. அதற்கு உரிமமும் தேவையில்லை. கைத்தறிகள் குறைந்து வரும் இந்நாளில், பல வீடுகளில் தறியை எடுத்துவிட்டுத் தறிக் குழியை மண்ணிட்டு நிரப்பி, மேலே சிமெண்டுத் தரை போட்டுவிடுகிறார்கள். நிரப்பும் முன் அந்தக் குழியின் நீளம், அகலம், ஆழம் ஆகியவற்றை அளக்கலாம். கம்பத் துளைகள் குழியின் விளிம்பிலிருந்து எவ்வளவு தூரத்தில் உள்ளன, குழியின் எந்தப் பக்கம் கால் பட்டுத் தேய்ந்துள்ளது, சாயப்பட்டறையாக இருந்தால் அடுப்பு எங்கே, கழுநீர் எந்தப் பக்கம் ஓடியது என்று ஒரு கட்டத் தாளில் வரைந்துகொள்ளலாம். அங்கே அமர்ந்து நெய்த பெரியவரிடம் குழி ஏன் அந்த ஆழத்தில் வெட்டப்பட்டது என்று கேட்டு எழுதிக்கொள்ளலாம். பழைய ஊர் மேட்டில் நீள்சதுரப் பள்ளம் ஒன்று வெளிப்படும்போது, அது தறிக் குழியா, தானியக் குழியா, வெறும் குப்பைக் குழியா என்று தீர்மானிக்க, அகழாய்வாளருக்கு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய அளவுகள் இவைதாம்.